பெருநத்தையும் சட்டமும்

நத்தை ஒன்றை வைத்திருப்பதற்கும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்வதற்கும் சட்டம் உண்டா என்று கேட்டால் நகைப்பவரே மிகுதி. புலிக்குச் சட்டம் உண்டு, யானைக்குச் சட்டம் உண்டு, தந்தத்திற்கும் சந்தனக் கட்டைக்கும் சட்டம் உண்டு. சேற்றில் ஊரும் நத்தைக்கு என்ன சட்டம் என்பர். ஆயினும் உலகில் பல நாடுகள் ஒரு நத்தையின் பொருட்டுத் தனித்த விதிகள் வகுத்துள்ளன. அமெரிக்க ஒன்றிய நாடு அதனை வீட்டில் வளர்ப்பதையே தடுத்துள்ளது. இங்கிலாந்திலோ பள்ளிச் சிறுவர்கள் அதனைக் கண்ணாடித் தொட்டியில் செல்லமாய் வளர்க்கின்றனர். நம் நாட்டில் நிலைமை யாது? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பேச எடுத்துக்கொண்டது ஆப்பிரிக்கப் பெருநத்தை. 1822இல் பௌடிச் என்பார் அச்சாட்டினா ஃபுலிகா என்று குறித்த இவ்வினத்தை இன்று லிஸ்ஸச்சாட்டினா ஃபுலிகா என்று வழங்குகின்றனர். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைப் பகுதியே இதன் தாயகம். நம் வயல்களிலும் ஏரிகளிலும் காணும் உருண்டை நத்தை வேறு, இது வேறு. நம் நத்தை நீரில் வாழ்வது. வாயை மூடக் கடினமான மூடி ஒன்று அதற்கு உண்டு. பெருநத்தை நிலத்தில் வாழ்வது. அத்தகைய மூடி அதற்கு இல்லை. கூம்பு போல் நீண்டு கூர்த்த ஓடும், அதன்மேல் நெடுக்கே ஓடும் பழுப்புக் கோடுகளும் இதன் அடையாளங்கள். நன்கு வளர்ந்த ஓடு 20 செ.மீ. வரை நீளக்கூடும், நாம் பெரும்பாலும் காண்பன அதில் பாதி அளவே இருக்கும்.

சட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இவ்வுயிரின் மூன்று இயல்புகளை முதலில் அறிய வேண்டும். முதலாவது இனப்பெருக்கம். ஒரே நத்தையில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உள்ளன. இரண்டு கூடினால் இரண்டுமே முட்டையிடலாம். ஒருமுறை நூறு முதல் நானூறு முட்டைகள் வரை மண்ணுக்குள் இடும். ஆண்டில் பன்முறை இடும். பெற்ற விந்தணுவை உடலில் நெடுநாள் சேமித்து வைக்கும். எனவே, ‘ஒன்றுதானே கொண்டுவந்தேன், தனியே என்ன செய்துவிடும்?’ என்ற சொல் இங்கே செல்லாது. முன்பே கூடிய நத்தையாயின் அந்த ஒன்றே ஓர் ஊருக்குப் போதும்.

இரண்டாவது, இதன் உறக்கம். மழை நின்று மண் காய்ந்ததும் ஓட்டுக்குள் ஒடுங்கி, வாயை மெல்லிய சவ்வினால் அடைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் உணவின்றிக் கிடக்கும். மரக்கட்டையின் இடுக்கிலோ, கப்பல் சரக்கின் அடியிலோ, பூந்தொட்டியின் மண்ணிலோ ஒட்டிக்கொண்டு கடல் கடப்பதற்கு இதைவிட வாய்ப்பான உடல் அமைப்பு வேறில்லை. மூன்றாவது, இதன் பசி. வாழை, பப்பாளி, முட்டைக்கோசு, பாக்கு, காப்பி எனத் தொடங்கி 500க்கு மேற்பட்ட தாவரங்களை இது உண்பதாகக் கணக்கிட்டுள்ளனர். ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டியிருப்பதால் வீட்டுச் சுவர்ப் பூச்சையும் சுரண்டித் தின்னும். வெள்ளையடித்த சுவரில் காலையில் வெள்ளிக் கோடு போன்ற தடமும் அரித்த வடுவும் காணப்பட்டால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

இந்தியாவுக்கு இது வந்த வரலாறு வேடிக்கையும் வேதனையும் கலந்தது. வங்காளத்தில் ஆட்சிப் பணியிலிருந்த வில்லியம் ஹென்றி பென்சன் என்ற ஆங்கிலேயர் நத்தை ஓடுகளை ஆராய்வதில் தீராத ஆர்வம் உடையவர். மொரீசியசுத் தீவிலிருந்து உயிருடன் இரண்டு நத்தைகளைக் கொண்டுவந்தார். அவை 1847இல் கல்கத்தாவின் சௌரங்கிப் பகுதித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டன. இரண்டே இரண்டு! அறிவியலில் தேர்ந்தவர், அவ்வுயிரின் பெயரும் பிறப்பும் அறிந்தவர் கொண்டுவந்தவை அவை. அறியாத பாமரர்தாம் அந்நிய உயிர்களைப் பரப்புகின்றனர் என்ற எண்ணம் நம் மாணவரிடையே உண்டு. வரலாறு அதனை ஏற்கவில்லை. ஆய்வுக்கூடமும் கண்காட்சித் தொட்டியும் இதில் நிறையவே பங்கு பெற்றுள்ளன. பென்சனைத் தடுக்க அக்காலத்தில் எச்சட்டமும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அங்கிருந்து அது இலங்கை சென்றது. 1900ஆம் ஆண்டையொட்டி, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மலைநாட்டின் வட்டவளையில் காலெட் என்பார் அதனைக் கொணர்ந்து விட்டார். பத்து ஆண்டுகள் கழிந்தன. 1910இல் அந்நாட்டு அரசின் பூச்சியியல் அறிஞர் எர்னஸ்ட் கிரீன் நத்தைப் படையெடுப்பைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. பின்னர் மலேயா, சிங்கப்பூர், கிழக்கிந்தியத் தீவுகள், பசிபிக் தீவுகள் என ஒவ்வொன்றாய் அதன் வசப்பட்டன. உணவுக்காகவும் மருந்துக்காகவும் அழகுக்காகவும் மனிதரே அதனைச் சுமந்து சென்றனர். 1936இல் ஹவாய்த் தீவுக்குள் அது நுழைந்தது. ஆல்பர்ட் மீடு என்ற அமெரிக்க அறிஞர் 1961இல் இந்த ஒரு நத்தையைப் பற்றியே தனி நூல் எழுதும் அளவுக்குச் செய்தி பெருகிவிட்டது.

ஹவாயிலிருந்து தொடங்கும் நிகழ்ச்சி ஒன்றைச் சற்று விரிவாகக் கூறுவேன். சட்டம் ஏன் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. 1966இல் ஒரு சிறுவன் ஹவாய் சென்று திரும்பும்போது மூன்று நத்தைகளை மறைத்து ஃபுளோரிடா மாநிலத்தின் மயாமி நகருக்குக் கொண்டுவந்தான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். பாட்டியின் மனம் நமக்குத் தெரிந்ததுதான். உயிரைக் கொல்ல மனம் வராது, வீட்டில் வைத்திருக்கவும் மனம் வராது. ஏழாண்டுகளில் அம்மூன்றும் பதினெண்ணாயிரத்துக்கு மேலாயின. அவற்றை ஒழித்து முடிக்க 1975 வரை ஆயிற்று. செலவோ பத்து இலட்சம் டாலருக்கு மேல். அத்துடன் முடிந்ததா? 2011இல் மயாமியில் மீண்டும் தலைகாட்டின. மோப்ப நாய்களைப் பழக்கித் தேடினர். 1,68,000க்கு மேற்பட்ட நத்தைகளைப் பிடித்தழித்த பின் 2021இல் ‘ஒழிந்தது’ என்று அறிவித்தனர். மறு ஆண்டே, 2022இல், அதே மாநிலத்தின் பாஸ்கோ மாவட்டத்தில் புதிதாக வெளிப்பட்டன. அங்கே இதனை வளர்ப்பதும் விற்பதும் கொண்டுசெல்வதும் ஏன் தடுக்கப்பட்டுள்ளன என்று இனி வினவ வேண்டியதில்லை.

இங்கிலாந்து மட்டும் ஏன் வேறுபடுகிறது? பெருநத்தை அந்நாட்டுக் குளிரில் வெளியே பிழைத்துப் பெருகாது. எனவே வளர்க்கலாம், ஆனால் வெளியில் விடலாகாது. அந்நாட்டில் இயல்பாக வாழாத விலங்கைத் திறந்தவெளியில் விடுவது 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். சட்டம் தட்பவெப்பத்தைப் பார்த்து எழுதப்படுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. இங்கிலாந்தில் நத்தை வளர்ப்போர் எடுக்கும் படங்களைக் கண்டு ஆசைகொள்ளும் நம் இளைஞர்கள், கோலாருக்கு வேறு மழை, வேறு வெயில் என்பதை மறக்கின்றனர்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். அடிப்படைச் சட்டம் 1914ஆம் ஆண்டின் அழிவு செய்யும் பூச்சிகள் மற்றும் கேடுகள் சட்டம். வெளிநாட்டிலிருந்து பயிருக்குக் கேடு தரும் பொருளோ உயிரோ வருவதைத் தடுக்கவும் ஒழுங்குபடுத்தவும் இது அரசுக்கு அதிகாரம் தருகிறது. இச்சட்டத்தின் கீழ் எழுந்ததே 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை. பயிருக்குக் கேடு செய்யும் எவ்விலங்கும் ‘கேடு’ என்ற சொல்லுள் அடங்குமாறு அந்த ஆணையின் விளக்கம் அமைந்துள்ளது. ஆகவே நத்தையும் அடங்கும். அயல்நாட்டு மண்ணைக் கொண்டுவருவதற்கும் அது கடுந்தடை விதிக்கிறது. மண்ணில் முட்டை இருக்கலாம் என்பதை எண்ணினால் இதன் பொருள் விளங்கும். ஆக, அயல்நாட்டிலிருந்து பெருநத்தையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் வந்திறங்குபவர் சட்டத்தின் முன் நிற்க வேண்டியவரே.

சிக்கல் நாட்டுக்குள்ளேதான். நத்தை 1847 முதல் இங்கேயே இருக்கிறது. கேரளத்தில் பாலக்காடு தொடங்கிப் பல மாவட்டங்களில் அது பரவியுள்ளது. கர்நாடகத்தில் குடகின் காப்பித் தோட்டங்கள் அதனால் துன்புற்றன. பெங்களூர்த் தோட்டங்களிலும் அது உண்டு. அங்கிருந்து ஒருவர் நான்கை எடுத்து இரயிலேறினால் என்ன செய்வது?

நம் அரசியலமைப்பு இதனை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. பயிர்க் கேடுகளிலிருந்து பாதுகாப்பு மாநிலப் பட்டியலின் 14ஆம் இனம். மாநிலங்களுக்கிடையே தொற்றுத்தடை விதிப்பது ஒன்றியப் பட்டியலின் 81ஆம் இனம். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு நோயும் கேடும் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலின் 29ஆம் இனம். நத்தைக்கு இப்பட்டியல்கள் தெரியா. பங்காருபேட்டையிலிருந்து சோலார்பேட்டைக்குச் செல்லும் பயணியர் வண்டியை எண்ணிப் பாருங்கள். கர்நாடகத்தில் ஏறியவர் குப்பத்தில் ஆந்திரத்தைத் தொட்டு, அடுத்த சில நிலையங்களில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறார். ஒரு சிற்றுண்டிப் பொட்டலம் தீருமுன் இரண்டு எல்லைகள்! அவர் மடியில் உள்ள டப்பாவில் நத்தை இருந்தால் அது மூன்று அரசுகளின் ஆட்சியைக் கண்டுவிட்டது.

1914ஆம் ஆண்டுச் சட்டத்தில் பின்னர்ச் சேர்த்த 4ஏ பிரிவு மாநிலத்திலிருந்து மாநிலத்திற்குக் கொண்டுசெல்வதைத் தடுக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. தடுக்கப்பட்ட பொருளை ஏற்கலாகாது என்று இரயில் நிலையத்தில் சரக்குப் பதிவு செய்பவரையும் 4பி பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆனால் தடை தானே பிறப்பதில்லை. இன்ன கேடு என்று பெயர் குறித்து அறிவிக்கை வெளியிட வேண்டும். அவ்வாறு வெளிவந்தவை ஆப்பிளின் சான் ஓசே செதில்பூச்சி, உருளைக்கிழங்கின் மருநோய், வாழையின் முடிக்கொத்து நோய், காப்பிக்காய்த் துளைப்பான் முதலிய சிலவற்றைப் பற்றியவை. பொதுவாக எடுத்துக்காட்டப்படும் அந்த ஒன்பதில் பெருநத்தை இல்லை. மீறுவோர்க்கு 5ஏ பிரிவு குறித்த தண்டம் முதன்முறை 250 ரூபாய் வரை, மறுமுறை 2,000 ரூபாய் வரை. 250 ரூபாய்க்கு அஞ்சிக் கடத்தலைக் கைவிடுபவர் எவரேனும் இருப்பின் அவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும்.

விலங்கியல் மாணவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றியும் குறிப்பிட விழைகிறேன். அப்பிரிவு ‘பூச்சிகள்’ என்கிறது. நத்தை பூச்சியன்று, மெல்லுடலி. ‘தொற்று’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்திலோ பூச்சி, பூஞ்சை, ‘பிற கேடு’ என்று மூன்றும் வருகின்றன. அந்தப் ‘பிற கேடு’ என்ற இரு சொற்களில்தான் நத்தை புகுந்து நிற்கிறது.

மாநிலச் சட்டங்கள் வேறு வழி செல்கின்றன. இவ்வகையில் இந்தியாவிலேயே முதன்மையானது 1919ஆம் ஆண்டுச் சென்னை வேளாண் கேடுகள் மற்றும் நோய்கள் சட்டம். அரசு ஒரு கேட்டையும் ஒரு பகுதியையும் அறிவித்துவிட்டால், அங்கே நிலம் வைத்திருப்பவர் குறித்த தடுப்பு வேலைகளைச் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் அதிகாரி உள்ளே நுழைந்து செய்து, செலவை அவரிடமே வாங்கலாம். கோவைப் பக்கத்தில் அறுவடை முடிந்த பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கச் செய்தது இச்சட்டமே. கர்நாடகத்திற்கு 1968ஆம் ஆண்டின் வேளாண் கேடுகள் மற்றும் நோய்கள் சட்டம் உள்ளது. ஒருவர் மட்டும் நத்தை பொறுக்கி அடுத்த வீட்டுக்காரர் வாளாவிருந்தால் பயனில்லையாதலால், ஊரையே சேர்த்துக் கட்டும் இவ்வகைச் சட்டம் நத்தைக்கு மிகப் பொருந்தும் என்பது என் கருத்து.

‘வைத்திருத்தல்’ என்பதைப் பற்றி மேற்கண்ட சட்டங்கள் அதிகம் பேசவில்லை. எங்கள் மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் பிறந்தவர்க்கு இது வியப்பாகவே இருக்கும். தங்கம் வெட்டிய நாளில், குழியிலிருந்து ஏறி வரும் தொழிலாளியைச் சோதித்தே வெளியே விட்டனர். கணக்குக் காட்ட முடியாத தாதுக் கல் ஒருவர் கையில் இருப்பதே குற்றம். திருடியதை எவரும் கண்ணால் கண்டிருக்க வேண்டியதில்லை. எங்கள் பாட்டனார்க்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ‘கையில் இருந்தால் குற்றம்’ என்ற சட்ட நுணுக்கம் நன்கு தெரியும். தங்கத்தின்பால் காட்டிய அந்தக் கண்டிப்பைப் பயிரின்பால் காட்ட அரசுக்கு நெடுங்காலம் தோன்றவில்லை. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. உயிருள்ள பொருளை ‘வைத்திருப்பது’ பற்றிய விதி அதன்பின் இருபது ஆண்டுகள் கழித்தே வந்தது.

அவ்விதி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உள்ளது. 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்த 62ஏ பிரிவு, ஆக்கிரமிப்பு அயல் உயிரினங்களை இறக்குமதி செய்வது, வாணிகம் செய்வது, வைத்திருப்பது, பெருக்குவது ஆகிய நான்கையும் ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ ஒன்றிய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. பறிமுதல் செய்து அழிக்கவும் இடமுண்டு. இங்கும் அரசு ஆணை பிறப்பித்தால்தான் விதி ஒருவரைப் பிணிக்கும். மேலும், காட்டுயிர்க்கும் அதன் வாழிடத்திற்கும் தீங்கு தருவதே இச்சட்டத்தின் அளவுகோல். பயிரைக் காக்கும் சட்டம் ஒன்று, காட்டைக் காக்கும் சட்டம் ஒன்று; நத்தை இரண்டுக்கும் நடுவே உள்ள வேலியில் ஊர்கிறது.

சட்டத்தை மதியாமல் நன்மை செய்யப் புகுந்தாலும் தீமையே விளையும் என்பதற்குப் பசிபிக் தீவுகளே சான்று. பெருநத்தையை ஒழிக்கவென்று அதனைத் தின்னும் ரோஜா ஓநாய் நத்தையை 1955இல் ஹவாயிலும் 1977இல் மூரியாத் தீவிலும் அரசுகளே விட்டன. அது பெருநத்தையை விட்டுவிட்டு, அத்தீவுகளுக்கே உரிய சிறு மரநத்தைகளைத் தின்று தீர்த்தது. மூரியாவின் பார்ட்டுலா இனங்கள் பத்தாண்டு அளவில் காட்டிலிருந்து மறைந்தன. விலங்குக் காட்சிச்சாலைகளில் காத்து வளர்த்தவற்றை 2015 முதல் சிறிது சிறிதாகத் தீவுகளில் மீண்டும் விட்டு வருகின்றனர்.

பயிர்ச்சேதத்தினும் எனக்குக் கவலை தருவது நோய். எலியின் நுரையீரலில் வாழும் ஆஞ்சியோஸ்ட்ராங்கிலஸ் என்னும் புழுவுக்கு நத்தை இடைநிலை இல்லம். எலியின் கழிவில் வெளிவரும் இளம்புழு நத்தைக்குள் வளர்கிறது. நத்தையை வேகாமல் உண்பதாலோ, அதனைத் தொட்ட கையை வாயில் வைப்பதாலோ, நத்தை ஊர்ந்த கீரையைக் கழுவாமல் உண்பதாலோ மனிதனுள் புகலாம். புகுந்தால் மூளை உறையில் அழற்சி உண்டாகும். கேரளத்தில் குழந்தைகள் இந்நோய்க்கு ஆளானதை மருத்துவர் பதிவு செய்துள்ளனர். நத்தையை மருந்தென்று உண்ணும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. அது வயல் நத்தையைப் பற்றியது. ஓட்டைப் பாராமல் எல்லா நத்தையையும் ஒன்றெனக் கொள்வது தீங்கு.

என் விடுதி நண்பர் ஒருவர் ஊரிலிருந்து வரும்போது இரண்டைக் கண்ணாடித் தொட்டியில் கொண்டுவந்தார். தேர்வு முடிந்ததும் ‘பாவம், பூங்காவில் விட்டுவிடுகிறேன்’ என்றார். மயாமிப் பாட்டியின் கதையை அன்றிரவு அவருக்குச் சொன்னேன். மறுநாள் உறையணிந்த கையால் அவற்றை எடுத்து உப்புக் கரைசலில் இட்டுக் கொன்று, ஆழப் புதைத்தோம். தொட்டி மண்ணைக் கொதிநீர் ஊற்றிய பிறகே கொட்டினோம். இவ்வேலையில் மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் வளர்ப்போர் கையில் எஞ்சும் நத்தைக்கு வேறு நல்ல வழி கிடையாது.

தோட்டத்தில் ஏற்கெனவே புகுந்துவிட்டால், மாலையில் ஈரச் சாக்கின்கீழ் முட்டைக்கோசு இலையும் பப்பாளி இலையும் பரப்பி வைத்து, கூடியவற்றைக் காலையில் பொறுக்கலாம். கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் புகையிலைக் கஷாயத்துடன் மயில்துத்தம் கலந்து தெளிக்கச் சொல்லியுள்ளனர். இதற்குமுன் அது பெருநத்தைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்திரெல்லா போன்ற நம் நாட்டு அரிய நத்தைகளும் இம்மண்ணில் உள்ளன.

சுரங்கம் மூடியபின் எங்கள் ஊரார் பலர் நாள்தோறும் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். திரும்பும்போது செடித் தொட்டி வாங்கிவருவோர் பலர். இரயிலில் எவரும் அதனைச் சோதிப்பதில்லை. சோதிக்கச் சட்டமும் சொல்லவில்லை. முட்டையோ 4, 5 மி.மீ. அளவே; வெளிர்மஞ்சள் மணி போல் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே கொத்தாக இருக்கும். தொட்டியை வீட்டு வாசலில் வைக்குமுன் ஒரு பழைய தாளின்மேல் மண்ணைக் கிளறிப் பாருங்கள். தொட்டியின் அடித்துளையையும் பாருங்கள்.